எண்பது மில்லிமீற்றருக்குக் கையெழுத்து வைக்காதவர்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மார்க்கம் வீதியோரமாக ஒரு பழைய படைவீரர் மண்டபம் இருக்கிறது. அதன் கண்ணாடிக் கதவுக்கு உட்புறமாக, வீதியைப் பார்த்தபடி ஒரு பீரங்கி நிற்கிறது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் பிரித்தானியர் வடிவமைத்த டாங்கி எதிர்ப்புப் பீரங்கி அது. குண்டின் எடையை வைத்து இரண்டு இறாத்தல் பீரங்கி என்பார்கள். குழலின் விட்டம் நாற்பது மில்லிமீற்றர். மொத்த எடை எண்ணூறு கிலோவுக்குச் சற்று மேல். சில்லுகளைக் கழற்றி மூன்று கால்களில் இருத்தினால் நாலு பக்கமும் சுழலும்.

இந்தப் பீரங்கியின் விளக்கப் பலகையில் இருந்த ஓர் இலக்கத்துக்காகத் திருமதி தங்கேஸ்வரி மகேஸ்வரன் பதினேழு சனிக்கிழமைகள் அதன் அருகில் நின்றார். அவர் யாரையோ அவமதித்தார் என்றும், மண்டபத்தில் சண்டை பிடித்தார் என்றும் இரண்டு மூன்று விதமாகக் கதை அடிபடுகிறது. எங்கள் முதியோர் சங்கத்தின் செயலாளர் நான். கூட்டக் குறிப்புகளும் திகதிகளும் என்னிடம் இருக்கின்றன. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தங்கேஸ்வரி மட்டக்களப்பு, கல்லடியில் 1957ஆம் ஆண்டு பிறந்தவர். 1988 மார்ச்சில் கணவர் மகேஸ்வரனோடு கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவின் பார்க்டேலில் ஓர் அறை வீட்டில் இருந்தார். பிறகு ஸ்காபரோவுக்கு வந்தார்கள். உருக்குத் துண்டுகளைச் சூளையில் வைத்துப் பதப்படுத்தும் ஒரு தொழிற்சாலையில் முதலில் தரை கூட்டினார். 1991இல் அங்கே கடினம் பார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். வைர முனையுள்ள ஒரு யந்திரம் உருக்கில் குத்தும். குத்து எவ்வளவு ஆழம் போகிறதோ அதற்கேற்ப முள் ஓர் இலக்கத்தைக் காட்டும். ஆழம் குறைந்தால் இலக்கம் கூடும். உருக்கு கடினம் என்று அர்த்தம். ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து துண்டுகளை எடுத்துக் குத்திப் பார்த்து, இலக்கங்களை எழுதிக் கையெழுத்து வைப்பது அவருடைய வேலை.

1997 ஜூனில் லொறிச் சில்லுகளைப் பிடிக்கும் ஆணிகள் நானூறு வந்தன. குறைந்தது முப்பத்து மூன்று வேண்டும். தங்கேஸ்வரி எடுத்த ஐந்தும் காட்டியவை 38, 37, 27, 39, 27. மேற்பார்வையாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சராசரி 33.6. "பாஸ்தானே, சைன் பண்ணு" என்றார். தங்கேஸ்வரி மறுத்தார்.

அதைப் பற்றி அவர் பின்னர் எனக்குச் சொன்னது இது: "லொறியில சராசரி ஆணிய பூட்டுறல்ல அண்ணன். ஒவ்வொரு ஆணியாத்தான் பூட்டுற. இருபத்தேழு வந்த ஆணி எந்தச் சில்லுக்குப் போகும் எண்டு எனக்குத் தெரியுமா?"

பதினாலு மாதம் அவரைப் பெட்டி கட்டும் பகுதியில் போட்டார்கள். வேறொருவர் கையெழுத்து வைத்தார். அடுத்த ஆண்டு அந்தத் தொகுதியில் பதினொரு ஆணிகள் முறிந்து திரும்பி வந்தன. நல்ல காலத்துக்கு ஒருவருக்கும் காயமில்லை. தங்கேஸ்வரியைப் பழைய மேசைக்கே கூப்பிட்டார்கள். மன்னிப்பு ஒருவரும் கேட்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. 2019இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே குத்திக்கொண்டிருந்தார்.

இனிப் பீரங்கிக்கு வருகிறேன்.

மண்டபத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழர் என்பதால், அங்கே காட்சிக்கு வைத்த பன்னிரண்டு பொருட்களுக்குத் தமிழிலும் பலகை வைக்க நிர்வாகம் விரும்பியது. எழுதித் தரும்படி எங்கள் சங்கத்தைக் கேட்டார்கள். எழுதியவரின் பெயர் பலகையின் அடியில் வரும். மற்றவர்கள் பதக்கம், கடிதம், சீருடை என்று எடுத்துக்கொண்டார்கள். "இரும்பு எனக்கு" என்றார் தங்கேஸ்வரி.

2024 செப்டம்பர் 21, சனிக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு அவர் ஆங்கிலப் பலகையை வாசித்தார். 'இந்தப் பீரங்கி ஆயிரம் யார் தூரத்தில் எண்பது மில்லிமீற்றர் கவசத்தைத் துளைத்தது' என்று அதில் இருந்தது. யார் என்பது மூன்றடிக் கஜம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணன், இது எந்த உருக்கு?"

எனக்குத் தெரியவில்லை.

"தகடு நேரா நிண்டதா, சரிஞ்சு நிண்டதா? என்ன குண்டு? பத்துக் குண்டு அடிச்சா எத்தின உள்ள போச்சு? ஒண்டும் எழுதல்லியே. தூரம் மட்டும் எழுதியிரிக்கு. மிச்சம் நாலும் இல்லாம இலக்கம் எப்பிடி வரும்?"

மண்டபத்தின் பொருட்களைப் பதிவு செய்கிற துர்க்கா அன்று அங்கே இருந்தாள். இங்கே பிறந்து வளர்ந்த பெண். எங்கள் இருவரையும் பின்னறைக்குக் கூட்டிப்போய்ப் பதினாலாம் இலக்கப் பெட்டியைத் திறந்துவிட்டாள். அதில் போர்க்காலத்தில் அச்சான ஒரு பயிற்சிக் கைநூல் இருந்தது. முப்பது பாகை சரிந்த, முழுவதும் ஒரே கடினமுள்ள தகட்டில், சாதாரண உருக்குக் குண்டு, ஐந்நூறு யாரில் ஐம்பத்து மூன்று மில்லிமீற்றர், ஆயிரம் யாரில் நாற்பது. வேறு நூல்களில் ஓரிரண்டு கூடலாம் குறையலாம். ஆனால் எண்பதுக்குக் கிட்ட எதுவும் இல்லை.

எண்பது எங்கிருந்து வந்தது என்று துர்க்கா அந்தக் கிழமையே தேடிப் பிடித்தாள். போர் பாதி முடிந்த பிறகு இதே பீரங்கிக்கு ஒரு சேர்க்கை செய்தார்கள். குழலின் வாயில் ஒடுங்கிய குழாய் ஒன்றைத் திருகிப் பூட்டுவது. கடினமான உள்ளீடு கொண்ட தனிக் குண்டு அதற்குள் நெருங்கிச் சிறுத்து, வேகம் கூடிப் போகும். அந்தக் குண்டுக்குரிய இலக்கந்தான் எண்பதுக்கு மேல் போகும், அதுவும் ஆயிரம் யாரிலல்ல. யாரோ அட்டவணையில் ஆகப் பெரிய இலக்கத்தை எடுத்து, ஆகப் பெரிய தூரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

அந்த யாரோ கிளடிஸ் அம்மையார். எழுபத்தொன்பது வயது, மண்டபத்தின் நிர்வாகக் குழுவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருப்பவர். அவருடைய தகப்பனார் இங்கிலாந்தின் வடபகுதியில் பிறந்து, லிபியப் பாலைவனத்தில் இந்த வகைப் பீரங்கியோடு நின்று இரண்டு டாங்கிகளை நிறுத்தியவர். 1952இல் குடும்பத்தோடு ரொறன்ரோவுக்கு வந்தார். தகப்பன் இறந்த பிறகு பலகையை எழுதியவர் மகள்.

ஒக்டோபர் 17, வியாழன், பிற்பகல் இரண்டு மணிக்குப் பீரங்கிக்கு முன்னாலேயே கூட்டம் நடந்தது. கிளடிஸ் அம்மையார், துர்க்கா, எங்கள் சங்கத் தலைவர் இராஜரட்ணம், தங்கேஸ்வரி, நான். தலைவர் ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். கரைச்சல் இல்லாமல் எல்லாம் முடியவேண்டும் என்று நினைக்கிறவர். கிளடிஸ் அம்மையார் சொன்னதை ஒரே வசனத்தில் சொல்லலாம்: இரண்டு பலகையிலும் ஒரே இலக்கம் இருக்கவேண்டும், தன் தகப்பனின் பீரங்கியைச் சிறுமைப்படுத்த இடமில்லை.

"கேட்டனீங்களோ தங்கச்சி?" என்றார் தலைவர் தமிழில். "உள்ளதை அப்பிடியே தமிழில எழுதிக் குடுங்கோ. மொழிபெயர்ப்புத்தானே. பொறுப்பு அவையளுக்கு."

"அடியில என்ர பேரில்லியா வருது?"

"பேர் வந்தால் என்ன? ஆர் இதை அளந்து பாக்கப் போகினம்?"

"நான் பாத்துட்டன்" என்று சொல்லிவிட்டுத் தங்கேஸ்வரி பீரங்கியின் முன்பக்கம் போனார். குழலின் வாய்க்கு வெளிப்புறமாக விரல்களை வைத்துச் சுற்றித் தடவினார்.

தலைவர் சிரித்தார். "தங்கச்சி, உது பீரங்கி. உங்கட புட்டுப்பானை இல்லை."

"பானையெண்டா மூடி இருக்கா இல்லியா எண்டு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும் அண்ணன். எண்பது வேணுமெண்டா இந்த வாயில குழாய் பூட்டணும். குழாய் பூட்டப் புரி வெட்டியிருக்கணும். புரி எங்க? வந்து தொட்டுப் பாருங்க. கடிக்காது."

துர்க்கா தொட்டுப் பார்த்தாள். நான் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடிபோல வழுவழுப்பாக இருந்தது. ஆணிப் புரியின் அடையாளமே இல்லை. தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தங்கேஸ்வரி கிளடிஸ் அம்மையாரின் பக்கம் திரும்பி, தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலத்தில் நேராகச் சொன்னார். இந்தப் பீரங்கி அந்தக் குண்டை ஒருநாளும் சுட்டதில்லை, சுடவும் முடியாது. எண்பது என்று எழுதித் தரமாட்டேன். வேறு ஆள் எழுதினாலும் என் பெயர் அதன் கீழ் வரக்கூடாது.

கிளடிஸ் அம்மையாரின் முகம் சிவந்துவிட்டது. "என் அப்பா பொய் சொன்னார் என்கிறீர்களா?" என்று கேட்டார்.

"உங்கள் அப்பா இந்தப் பலகையை எழுதவில்லை" என்றார் தங்கேஸ்வரி.

கூட்டம் இரண்டு நாற்பதுக்குக் கலைந்தது. வெளியே காருக்கு நடக்கும்போது தலைவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"உந்தக் கதையளைக் குறிப்பில ஏத்தாதேங்கோ ஐசே. 'கலந்துரையாடப்பட்டது' எண்டு போடுங்கோ, காணும்."

கனடாவுக்கு வருமுன் நான் பதினாறு ஆண்டுகள் புகையிரத நிலையத்தில் வண்டி வந்து போகும் நேரம் எழுதியவன். பிந்திய வண்டியைப் பிந்தியது என்றுதான் எழுதியிருக்கிறேன். 'திருமதி தங்கேஸ்வரி எண்பது மில்லிமீற்றர் என்பதை எழுத மறுத்தார். பீரங்கியின் வாயில் புரி இல்லை என்பது காட்டப்பட்டது' என்று குறிப்பில் இருக்கிறது. தலைவர் இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை.

நவம்பர் 9ஆம் திகதி பதினொரு தமிழ்ப் பலகைகள் திறந்து வைக்கப்பட்டன. பீரங்கிக்கு இல்லை. அதற்கு முதல்நாள் துர்க்கா தொலைபேசியில் தயங்கித் தயங்கித் தங்கேஸ்வரியிடம் சொன்னாளாம்: "அன்ரி, ஐ ஆம் ஸோ சொறி. கொமிற்றி உங்கட வொலன்ரியர் பாட்ஜைத் திருப்பிக் கேக்குது." மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் தமிழ் ஆட்களுக்கு மண்டபத்தைச் சுற்றிக் காட்டியவர் அவர். பாட்ஜை ஒரு கடித உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

தங்கேஸ்வரியின் மகன் லவன் ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலிருந்து வந்து பேசிப் பார்த்தான். நானும் அன்று அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இற்ஸ் எ மியூசியம். ஒருத்தரும் அந்த கன்னை இனிச் சுடப் போறதில்லை. ஹூ கெயார்ஸ், நாற்பதோ எண்பதோ?"

"அப்ப ஏன் மனே அவங்களுக்கு எண்பதுதான் வேணுமாம்? கவலையில்லாட்டி நாற்பது போடட்டுமே."

லவன் பிஸ்கற்றை எடுத்துக் கடித்தான்.

நவம்பர் 16, சனிக்கிழமை, மண்டபம் திறக்கும் பதினொரு மணிக்குத் தங்கேஸ்வரி உள்ளே போனார். நுழைவு இலவசம். பீரங்கியின் வலப்பக்கத்தில், பலகைக்கு இரண்டடி தள்ளி நின்றார். தமிழ் ஆட்கள் வந்தால் பேசினார். பலகையை மறைக்கவில்லை, கிழிக்கவில்லை, சத்தம் போடவில்லை. 'முதலில் பலகையை வாசியுங்கள், பிறகு இந்த வாயைத் தொட்டுப் பாருங்கள்' என்று தொடங்கி, ஐந்து கேள்விகளையும் சொல்லி, கைநூலின் இலக்கங்களைச் சொல்லுவார். பிறந்தபோது இது நல்ல பீரங்கி, அன்றைய டாங்கிகளுக்குப் போதும், பிறகுதான் தகடுகள் தடித்தன என்றும் மறக்காமல் சொல்லுவார். பீரங்கியைக் குறைத்து அவர் ஒரு சொல் சொல்லி நான் கேட்கவில்லை.

மூன்றாவது கிழமை துர்க்காவை அனுப்பினார்கள்.

"அன்ரி, நீங்கள் இதில நிக்கேலாதாம்."

"ஏன், தரை இடியுமாமா?"

"இல்லை அன்ரி... பாட்ஜ் இல்லாமல் எக்ஸ்பிளெயின் பண்ணக்கூடாதாம்."

"நான் இவரோட கதைச்சிட்டு இரிக்கன்" என்று என்னைக் காட்டினார். "பக்கத்தில நிக்கிற ஆள் கேட்டா நான் என்ன செய்ய? காதுக்கும் பாட்ஜ் வேணுமா புள்ள?"

துர்க்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

அவருக்கு முழங்கால் வருத்தம் இருந்தது. உட்காரக் கதிரை கேட்கவில்லை, கேட்டால் தயவாகிவிடும் என்றார். டிசம்பர் 28 மண்டபம் பூட்டு, பெப்ரவரி 15 பனி கொட்டியதால் பூட்டு. மற்றச் சனிக்கிழமைகளில் எல்லாம் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை நின்றார். நானும் போனேன். மார்ச் 15 வரை பதினாறு நாட்கள். அவர் சொல்லக் கேட்டவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். இவர்களில் தலைவர் இராஜரட்ணமும் ஒருவர். ஜனவரி 18இல் யாரையோ கூட்டிக்கொண்டு வந்தவர், தூரத்தில் நின்று முழுவதையும் கேட்டார். போகும்போது, ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்து, குழலின் வாயை ஒருதரம் தடவிப் பார்த்தார்.

மார்ச் 22, பதினேழாவது சனிக்கிழமை. பன்னிரண்டு இருபதுக்குக் கிளடிஸ் அம்மையார் உள்ளறையிலிருந்து தடியூன்றி வந்து தங்கேஸ்வரிக்கு முன்னால் நின்றார். துர்க்கா பின்னால் வந்தாள். ஆங்கிலத்தில் நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன்.

"நாலு மாதமாக நிற்கிறீர்கள். எனக்கும் சொல்லுங்கள்" என்றார் கிளடிஸ் அம்மையார்.

தங்கேஸ்வரி எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னார். ஒன்றையும் மெதுவாக்கவில்லை. ஆயிரத்தில் நாற்பது, ஐந்நூறில் ஐம்பத்து மூன்று என்று முடித்தார்.

"அப்படியானால் அப்பா எப்படி அந்த இரண்டு டாங்கிகளையும் நிறுத்தினார்? முன்தகடு தடிப்பு என்று சொல்வார்."

"கிட்ட வரவிட்டிருப்பார். ஆயிரத்தில் சுட்டிருந்தால் குண்டு தெறித்திருக்கும், அவர்கள் இவரைக் கண்டிருப்பார்கள். ஐந்நூறு, நானூறு, அதைவிடக் கிட்ட. சுடாமல் காத்திருக்கவேண்டும். எண்பது துளைக்கிற பீரங்கி என்றால் காத்திருக்கத் தேவையில்லை. தூரத்தில் நின்று சுட்டுவிட்டுத் தேநீர் குடிக்கலாம்."

கிளடிஸ் அம்மையார் பீரங்கியைப் பார்த்தபடி சொன்னார்:

"அப்பா முந்நூறு என்றுதான் சொல்வார். எப்போதும் முந்நூறு. அவ்வளவு கிட்ட ஒருவரும் விடமாட்டார்கள், வயதுபோய் மறந்துவிட்டார் என்று நினைத்தோம். நான்தான் ஆயிரம் என்று எழுதினேன். அது நன்றாக இருந்தது."

முந்நூறு யார் எவ்வளவு தூரம் என்று அவர் கேட்டார். என் நடையில் ஒரு காலடி இருபத்தேழு அங்குலம். முந்நூறு யாருக்கு நானூறு காலடி. கண்ணாடிக் கதவிலிருந்து தொடங்கி, கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, நடைபாதை வழியே எண்ணிக்கொண்டு முன்னால் நடந்தேன். அவர்கள் மூவரும் பின்னால் வந்தார்கள். தடியோடு நடந்ததால் பதினொரு நிமிடம் எடுத்தது. பஸ் தரிப்பிடத்துக்கு எட்டுக் காலடி முன்னதாக நானூறு முடிந்தது.

அந்நேரம் மார்க்கம் வீதிப் பஸ் வந்து நின்றது. கிளடிஸ் அம்மையார் பஸ்ஸைப் பார்த்தார். திரும்பி மண்டபக் கதவைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் பீரங்கியின் குழல் தெளிவாகத் தெரிந்தது. பஸ் புறப்பட்டு அந்தப் பக்கமாகவே போனது. கதவைத் தாண்டும்வரை அவர் கண்ணெடுக்கவில்லை.

"அப்போது அப்பாவுக்கு இருபத்தாறு வயது" என்றார்.

தங்கேஸ்வரி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "இனி அவரது இலக்கத்தைப் போடுங்கள்" என்றார்.

திரும்பிப்போய்க் கிளடிஸ் அம்மையாரே திருப்புளி கொண்டுவரச் சொல்லி, பலகையின் நாலு ஆணிகளையும் கழற்றுவித்தார்.

புதிய பலகைகளின் மாதிரிகள், ஆங்கிலத்திலும் தமிழிலும், ஏப்ரல் 26 பார்வைக்கு வைக்கப்பட்டன. தமிழ்ப் பலகைக்குச் சங்கத் தலைவர் பார்வையிட்டது என்று ஒரு வரி சேர்க்க இராஜரட்ணம் விரும்பினார். "எதைப் பார்வையிட்டவர், வாயைத் தடவினதையா?" என்று தங்கேஸ்வரி கேட்டதோடு அந்தப் பேச்சு நின்றது. பாட்ஜைத் திருப்பிக் கொடுத்தார்கள். உறையோடு வாங்கிக் கைப்பைக்குள் போட்டார்.

அன்று மாதிரிப் பலகையை முதலில் வாசித்தவர் அவர்தான். குண்டின் வகை இருந்தது. தூரம் இருந்தது. சரிவு இருந்தது. தகட்டின் வகை இருந்தது. முந்நூறு யாரில் ஒருவர் காத்திருந்த கதை இருந்தது. எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்டு குறையுது" என்றார்.

"அன்ரி, ப்ளீஸ்" என்றாள் துர்க்கா. "பத்துக் குண்டில எத்தினை உள்ள போனது எண்டு அந்த புக்கில இல்லை. நான் எல்லா இடமும் தேடிப் பாத்திட்டன். தெரியாது."

"அப்ப தெரியாது எண்டு எழுது புள்ள."

"அதையும் எழுதிறதோ?"

"அத எழுதினாத்தான் நான் கையெழுத்து வைப்பன்."

பலகை திரும்பவும் அச்சுக்குப் போனது. மே 10ஆம் திகதி, சனிக்கிழமை, பதினொன்று ஐந்துக்கு மாட்டினார்கள். கடைசி வரி: 'பத்துக் குண்டுகளில் எத்தனை துளைத்தன என்பதற்குப் பதிவு இல்லை.' அதன் கீழே தங்கேஸ்வரி மகேஸ்வரன் என்று இருக்கிறது.